விமானம் கிளம்பவில்லை என்றால்: ரீயூனியன் தமிழ்ப் பயணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

சேன்-மரியில் உள்ள ரோலான் காரோஸ் விமான நிலையம். அறிவிப்புப் பலகையில் உங்கள் விமானத்துக்கு எதிரே நேரம் மாறிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு மணி நேரம் என்றார்கள், பிறகு மூன்று என்றார்கள், இப்போது நேரமே போடவில்லை. கவுன்ட்டரில் இருந்தவரும் எழுந்து போய்விட்டார். இந்த நிலையில் நம்மவர்களில் பாதிப் பேர் கண்ணாடித் தடுப்பைத் தட்டிச் சத்தம் போடுகிறார்கள். மீதிப் பேர் தலையெழுத்து என்று பெட்டிமேல் சாய்ந்துவிடுகிறார்கள். இரண்டாலும் சல்லிக் காசு பயன் கிடையாது. கவுன்ட்டரில் நிற்கும் ஊழியருக்கு இழப்பீடு தரும் அதிகாரமே இல்லை. விமான நிலையத்தில் இருக்கும்வரை சாப்பாடு, படுக்கை, சான்று ஆகிய மூன்றை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள். பணத்துக்கான சண்டையை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு காகிதத்தில் போடலாம்.

படி 1: எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள்

இதை டிக்கெட் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. ரீயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் பிரான்சின் மாவட்டம், ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. அதனால் விமானப் பயணிகளின் உரிமைகளைச் சொல்லும் 2004ஆம் ஆண்டின் 261ஆம் எண் ஐரோப்பிய விதி இங்கும் அப்படியே செல்லுபடியாகும். 2005 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இந்தத் தீவிலிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும் இந்த விதி பொருந்தும். நிறுவனம் பிரெஞ்சு நிறுவனமா, மொரீஷியஸ் நிறுவனமா, வேறு நாட்டு நிறுவனமா என்பது பொருட்டே இல்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல். சென்னையிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ ரீயூனியனுக்கு வரும் விமானத்தை ஐரோப்பிய உரிமம் பெற்ற நிறுவனம் இயக்கினால் மட்டுமே விதி பொருந்தும். ஏர் ஆஸ்ட்ரல் விமானத்தில் சென்னையிலிருந்து வந்தால் பாதுகாப்பு உண்டு. ஏர் மொரீஷியஸ் விமானத்தில் அதே சென்னையிலிருந்து வந்தால் இல்லை. போகவும் வரவும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தாலும் திரும்பும் பயணம் தனிப் பயணம்தான் என்று லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. டிக்கெட்டை யார் விற்றார்கள் என்பது முக்கியமல்ல, விமானத்தை யார் இயக்குகிறார்கள் என்பதே கணக்கு. டிக்கெட்டில் சின்ன எழுத்தில் அது எழுதியிருக்கும்.

மொரீஷியஸில் மாறிச் சென்னைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால் முழுப் பயணமும் ஒன்றாகவே கருதப்படும். மொரீஷியஸில் இறங்கிய பிறகு இரண்டாவது விமானம் சொதப்பினாலும், நீங்கள் ரீயூனியனிலிருந்து கிளம்பியவர் என்பதால் விதி உங்களைத் தொடர்ந்து வரும். 2018இல் காசாபிளாங்கா வழியாகப் போன ஒரு பயணியின் வழக்கில் வந்த தீர்ப்பு இது. ஐம்பது யூரோ மிச்சம் பிடிக்க இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் உங்களை வராத பயணி என்று எழுதிவிடும். என்னைக் கேட்டால், தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம்.

படி 2: முதல் ஒரு மணி நேரத்தில் சான்று சேருங்கள்

கைப்பேசியை எடுத்து அறிவிப்புப் பலகையைப் படம் பிடியுங்கள், நேரம் மாறும்போதெல்லாம் மறுபடியும் பிடியுங்கள். போர்டிங் பாஸ், பெட்டியின் ஒட்டுச்சீட்டு, நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தி எதையும் தூக்கி எறியாதீர்கள். அதே நேரத்தில் மற்ற விமானங்கள் கிளம்புகின்றனவா என்பதையும் படமெடுங்கள். பின்னால் "வானிலை சரியில்லை" என்று கடிதம் வரும்போது, அந்த ஒரு மணி நேரத்தில் மற்ற விமானங்கள் பறந்ததைக் காட்டும் படம் பெரிய ஆயுதம்.

கவுன்ட்டரில் காரணத்தைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். இரண்டு மணி நேரமாவது தாமதமானால் பயணிகளின் உரிமைகளை விளக்கும் எழுத்துத் தாளை நிறுவனமே ஒவ்வொருவருக்கும் தர வேண்டும் என்பது விதியின் 14ஆம் பிரிவு. பெரும்பாலும் தருவதில்லை. தராவிட்டால் அதையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். ஊழியர் வாயால் "மோட்டார் பழுது" என்று சொன்னால், என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று உடனே கைப்பேசியில் எழுதி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் இரண்டு மூன்று பயணிகளின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். ஒரே விமானத்தில் வந்த பலர் ஒரே விவரத்தைச் சொல்லி எழுதும்போது மறுப்பது கடினம்.

இறங்கும்போதும் ஒரு வேலை இருக்கிறது. வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் ஒரு கதவாவது திறந்த நேரம். 2014இல் வந்த தீர்ப்பு இது. இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடத் தாமதத்தில் தரையிறங்கி, கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் ஆனால் நீங்கள் மூன்று மணி நேரக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். கதவு திறக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் போதும், நேரம் தானாகப் பதிந்துவிடும்.

படி 3: சாப்பாடும் படுக்கையும்

இது தாமதத்துக்குக் காரணம் என்ன என்பதைச் சார்ந்ததே அல்ல. புயலாக இருந்தாலும் எரிமலையாக இருந்தாலும் நிறுவனம் கவனித்தே ஆக வேண்டும். 2010இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளியே மூடப்பட்டபோது நாள்கணக்கில் மாட்டிக்கொண்ட ஒரு பயணி வழக்குப் போட்டார். இந்தக் கடமைக்கு நாள் வரம்பும் இல்லை, பண வரம்பும் இல்லை என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடமை எப்போது தொடங்கும்? மொரீஷியஸ், மயோத் போன்ற 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களுக்கு இரண்டு மணி நேரத் தாமதத்தில். ஜோகன்னஸ்பர்க்குக்கும் பாரிஸுக்கும் மூன்று மணி நேரத்தில். சென்னைக்கு நான்கு மணி நேரத்தில். காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற உணவும் குடிநீரும், இரண்டு தொலைபேசி அழைப்புகளும் தர வேண்டும். அழைப்புக்குப் பதில் தொலைநகல் அனுப்பலாம் என்றும் விதியில் இருக்கிறது. வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள், ஊழியரின் முகத்தைப் பார்க்கவாவது. புறப்பாடு மறுநாளைக்குத் தள்ளிப்போனால் தங்கும் அறையும், அங்கே போய்வர வண்டியும் நிறுவனத்தின் பொறுப்பு.

ஒரு தைப்பூசம் முடிந்து தமிழ்நாடு திரும்ப வேண்டிய நாதஸ்வரக் குழு ஒன்று இரவு முழுவதும் நிலையத்தில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நள்ளிரவில் ஒரு கூப்பன் கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் நீட்டினால் திறந்திருந்த ஒரே கடையில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டிதான் இருந்தது. காவடிக்கு விரதம் இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு "உணவு வழங்கப்பட்டது" என்று கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அறை கேட்டதற்கு, பெரியவர்களை விரிப்பு கூட இல்லாமல் தரையில் படுக்கச் சொல்லாத குறைதான். எனக்கு இன்றும் ஆற்றாமை தீரவில்லை.

இப்படி ஆனால் என்ன செய்வது? முதலில் சைவ உணவு வேண்டும் என்று கவுன்ட்டரில் சொல்லுங்கள். இல்லை என்றால் நீங்களே வாங்கிச் சாப்பிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அறையும் அப்படித்தான்: தராவிட்டால் நியாயமான வாடகையில் நீங்களே எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பணத்தைக் கேட்கலாம். தேவையான, பொருத்தமான, நியாயமான செலவு திரும்பக் கிடைக்கும். கடலைப் பார்த்த சொகுசு அறையும் ரம் பாட்டிலும் அந்தக் கணக்கில் வராது. அட்டையில் செலுத்திய சீட்டு மட்டும் போதாது, என்ன வாங்கினீர்கள் என்று காட்டும் பில் வேண்டும்.

தீவில் வசிப்பவர்களிடம் "வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வாருங்கள்" என்று சொல்வது வழக்கம். நிலையத்துக்குப் பக்கத்தில், சேன்-தெனியில் இருப்பவருக்குச் சரி. தீவின் தென்கோடியில் உள்ள சேன்-ஜோசப்பிலிருந்து தாத்தா பாட்டியோடு வந்த குடும்பம் இரவில் எந்த பஸ்ஸைப் பிடிக்கும்? டாக்ஸிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று கேளுங்கள். மறுத்தால் டாக்ஸி ரசீதையும் கோரிக்கையில் சேருங்கள். நடமாடச் சிரமப்படுவோருக்கும் தனியாகப் பயணிக்கும் குழந்தைகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது 11ஆம் பிரிவு. சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவுக்காகப் பேசும்போது அந்தப் பிரிவு எண்ணையே சொல்லுங்கள். எண்ணைச் சொன்னதும் குரல் மாறுவதைக் கவனிப்பீர்கள்.

படி 4: காத்திருப்பதா, பணத்தைத் திரும்ப வாங்குவதா

விமானம் ரத்தானால் தேர்வு உங்களுடையது: டிக்கெட் பணம், அல்லது கூடிய விரைவில் மாற்று விமானம். மாற்று விமானம் அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மறுநாள் வேறு நிறுவனத்தில் இடம் இருக்கும்போது "எங்கள் அடுத்த விமானம் நான்கு நாள் கழித்துத்தான்" என்று சொல்வது செல்லாது. 2020இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நம் தீவுக்கு இது மிகவும் முக்கியம். சென்னைக்கு நேரடி விமானம் தினமும் இல்லை, மாற்று என்றால் பெரும்பாலும் மொரீஷியஸ் வழியோ பாரிஸ் வழியோதான். நீங்களே இணையத்தில் இடம் தேடி, விமான எண்ணோடு கேளுங்கள்.

பாரிஸ் வழியாக அனுப்பினால், ஊரிலிருந்து வந்த உறவினர்களின் விசாவைப் பாருங்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதியில் ரீயூனியன் இல்லை. ரீயூனியனுக்கு மட்டும் வாங்கிய விசாவோடு பாரிஸில் நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது.

வெறும் தாமதம் என்றால் ஐந்து மணி நேரம் ஆன பிறகு பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள். பணத்தை வாங்கிய கணத்தில் உங்களை ஊர் கொண்டுசேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையிலிருந்து இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையில் அந்தப் பணத்துக்கு வேறு டிக்கெட் கிடைக்காது.

"இருநூறு யூரோவுக்குப் பயணக் கூப்பன் தருகிறோம், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று தாள் நீட்டினால் முழுதும் படியுங்கள். இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும், பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே கூப்பனாகத் தரலாம். உங்கள் கையெழுத்துக்கு அவ்வளவு விலை இருக்கிறது.

படி 5: இழப்பீடு எவ்வளவு

தாமதத்துக்கு இழப்பீடு உண்டு என்று விதியில் நேரடியாக எழுதப்படவில்லை. 2009 நவம்பர் 19 அன்று வந்த தீர்ப்புதான், மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்த பயணியும் விமானம் ரத்தான பயணியைப் போலவே இழப்பீடு பெறலாம் என்றது. மொரீஷியஸுக்கும் மயோத்துக்கும் 250 யூரோ. ஜோகன்னஸ்பர்க்குக்கு 400. சென்னை 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் 600; தாமதம் நான்கு மணி நேரத்தைத் தொடாவிட்டால் நிறுவனம் அதை 300 ஆகக் குறைக்கலாம். சென்னையைவிட இரண்டு மடங்கு தொலைவில் இருக்கும் பாரிஸுக்கு 400 தான், ஏனென்றால் அது ஒன்றியத்துக்கு உள்ளேயே நடக்கும் பயணம். சட்டம் எழுதியவர்கள் பதினொரு மணி நேரம் பறக்கும் உள்நாட்டுப் பயணம் ஒன்று இருக்கும் என்று எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ.

இது ஆளுக்கு. நாலு டிக்கெட் வாங்கிய குடும்பத்துக்குச் சென்னைப் பயணத்தில் 2,400 யூரோ. டிக்கெட் விலை எவ்வளவு என்பது கணக்கில் வராது. விமானம் ரத்தாவதைப் பதினான்கு நாளோ அதற்கு மேலோ முன்னதாகச் சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை.

படி 6: "அசாதாரணச் சூழ்நிலை" என்ற பதிலை எதிர்கொள்வது

நிறுவனத்தின் முதல் பதிலில் இந்தச் சொல் வராமல் இருந்தால் ஆச்சரியப்படுங்கள். நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, தவிர்க்க முடியாத நிகழ்வு என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம், நீங்கள் அல்ல.

இயந்திரப் பழுது பொதுவாக இதில் சேராது. விமானம் என்றால் பழுதாகத்தான் செய்யும், அதைச் சமாளிப்பது அந்தத் தொழிலின் அன்றாடப் பகுதி என்று 2008இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. தயாரிப்பாளர் அறிவித்த மறைவான உற்பத்திக் குறை, நாசவேலை போன்றவை விதிவிலக்கு. சில விமானங்களை மட்டும் வைத்திருக்கும் தீவு நிறுவனங்களிடம் ஒன்று நின்றுபோனால் மாற்று விமானம் இருப்பதில்லை. அதனால்தான் இங்கே ஒரு பழுது இரண்டு நாள் தாமதமாக நீள்கிறது. அவர்களின் சிரமம் புரிகிறது, ஆனால் அதற்குப் பயணி பொறுப்பல்ல. நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தமும் அசாதாரணம் அல்ல என்று 2021இல் தீர்ப்பானது. வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களின் வேலைநிறுத்தம் வேறு கதை. பறவை மோதியதும் 2017 தீர்ப்பின்படி நிறுவனத்துக்குச் சாதகம்.

இனிப் புயல். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை நமக்குப் புயல் காலம், ஊருக்குப் போகும் காலமும் அதுவே. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோதும் 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் கரையேறியபோதும் விமான நிலையம் மூடப்பட்டது. அந்த மணி நேரங்களுக்கு இழப்பீடு கேட்பது வீண். சாப்பாடு, அறை, மாற்று விமானம் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். ஆனால் நிலையம் திறந்த பிறகும், மற்ற நிறுவனங்கள் பறக்கத் தொடங்கிய பிறகும் நாள்கணக்கில் "புயலின் விளைவு" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் கேள்வி எழுப்பலாம். புயலுக்கும் உங்கள் விமானத்தின் தாமதத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். அதைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியையும் நிறுவனம் செய்திருக்க வேண்டும். நிலையம் எத்தனை மணிக்கு மூடியது, எத்தனை மணிக்குத் திறந்தது என்ற அறிவிப்பைச் சேமித்து வைத்தவருக்கே இந்த வாதம் கைகொடுக்கும்.

படி 7: கடிதம்

பிரெஞ்சில் எழுதுங்கள். வீட்டில் பள்ளி படிக்கும் பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை. நிறுவனத்தின் இணையப் படிவத்தில் போட்டுவிட்டு அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். இணையத்தில் பதில் வராவிட்டால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கடிதத்தில் கோபத்துக்கு இடம் வேண்டாம். பயணிகளின் பெயர்கள், முன்பதிவு எண், விமான எண், நாள், புறப்பட வேண்டிய நேரமும் சேர வேண்டிய நேரமும், உண்மையில் கதவு திறந்த நேரம். அடுத்து ஒரு வாக்கியத்தில் கோரிக்கை: "261/2004 விதியின் 7ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பயணிக்கும் 600 யூரோ இழப்பீடும், 9ஆம் பிரிவின்படி நாங்கள் செய்த செலவும் கோருகிறோம்." இரண்டையும் தனித்தனித் தொகையாகக் காட்டுங்கள். ஒன்றை மறுத்தாலும் மற்றது நிற்கும். கடைசியாக, தாமதத்தின் காரணத்தை ஆவணத்தோடு விளக்கும்படி கேளுங்கள். நகல்களை மட்டும் இணையுங்கள், அசல் ரசீது உங்கள் கையில் இருக்கட்டும். ஊழியர்கள் நடந்துகொண்ட முறையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இரண்டு வரி போதும்: எத்தனை மணி நேரம் யாரும் வரவில்லை, யாருக்கு என்ன மறுக்கப்பட்டது என்று.

உங்களுக்காக வழக்கு நடத்தும் இணைய நிறுவனங்கள் உண்டு. வென்றால் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். நேரமே இல்லாதவர்களுக்கு அது சரி. ஒரு கடிதத்துக்காக அவ்வளவு பணத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது.

படி 8: பதில் இல்லை, அல்லது மறுப்பு

அறுபது நாள் காத்திருங்கள். பிறகு பிரான்சின் சுற்றுலா, பயணச் சமரசரிடம் இணையத்தில் மனு போடலாம். கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கு எழுதிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். பொறுமை வேண்டும், விடுமுறைக் காலத்துக்குப் பிறகு அங்கே கோப்புகள் குவிந்துகிடக்கும். விமானப் போக்குவரத்துத் துறைக்கும் புகார் அனுப்பலாம். ஆனால் அந்தத் துறை நிறுவனத்துக்கு அபராதம் விதிக்குமே தவிர உங்கள் பணத்தை வாங்கித் தராது.

அடுத்தது நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் வந்த அரசாணையின்படி, 2026 பிப்ரவரி 7 முதல் சமரச முயற்சி செய்த பிறகே இத்தகைய வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியும். புறப்பட்ட இடத்திலோ சேர்ந்த இடத்திலோ வழக்குப் போடலாம் என்பதால் பாரிஸுக்கு அலைய வேண்டியதில்லை, சேன்-தெனியிலேயே முடியும். 10,000 யூரோவுக்கு உட்பட்ட கோரிக்கைக்கு வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. பிரான்சில் இதற்கான கால வரம்பு ஐந்து ஆண்டு. பழைய போர்டிங் பாஸ் ஏதாவது இழுப்பறையில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

படி 9: சென்னையில் மாட்டிக்கொண்டால்

ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் என்றால் மேலே சொன்ன எல்லாமே பொருந்தும். மற்ற நிறுவனங்களோடு வருகிறவர்கள் இந்திய விமானத் துறையின் புகார்த் தளமான ஏர்சேவாவில் எழுதலாம். அதற்கு மேல் இருப்பது சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை. அதில் நிர்ணயித்த தொகை கிடையாது. தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட நட்டத்தைக் காட்ட வேண்டும்: வீணான அறை வாடகை, புதிதாக வாங்கிய டிக்கெட், இழந்த சம்பளம். வழக்குப் போட இரண்டே ஆண்டு.

குடியேற்ற முத்திரை வாங்கிய பிறகு விமானம் ரத்தானால் தனியாக வெளியேற முயலாதீர்கள். நிறுவன ஊழியர் கூட வந்து முத்திரையை ரத்து செய்ய வேண்டும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் இந்திய விசா எடுத்து வந்தவர்கள் அது எந்த நாளில் முடிகிறது என்பதை அப்போதே பார்த்து, முடியப்போகிறது என்றால் தாமதத்துக்கான கடிதத்தை நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குக் கெடு இன்னும் குறுகியது. உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி வரவில்லை என்றால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே பெட்டி கவுன்ட்டரில் அறிக்கை எழுதி எண் வாங்குங்கள். உள்ளே ஊறுகாயும் பட்டுப்புடவையும் இருந்தால் அந்தப் பட்டியலையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.